தூசு நமக்கு, காசு அவர்களுக்கா?

பூமியின் வயிற்றைக் கிழித்துப் பொன் எடுத்தார்கள், கரி எடுத்தார்கள், கல் எடுத்தார்கள். எடுத்ததை விற்றார்கள், விற்றதில் கொழுத்தார்கள். எடுக்கும்போது கூடவே வந்த மண்ணையும் தூளையும் சாம்பலையும் என்ன செய்தார்கள்? நம் வாசலில் கொட்டினார்கள். கொட்டியதற்கு ஒரு பெயரும் சூட்டினார்கள், கழிவு என்று!

அந்தக் கழிவைக் கல்லாக வார்க்கலாம், மணலாகச் சலிக்கலாம், கான்கிரீட்டில் கலந்து மாடி எழுப்பலாம் என்று விஞ்ஞானம் இன்று மெய்ப்பித்துக் காட்டிவிட்டது. நேற்றுவரை மூக்கைப் பொத்திக்கொண்டு ஒதுங்கிப் போன சீமான்கள், இன்று அதே மேட்டைச் சுற்றி அளவு நாடா பிடிக்கிறார்கள். குப்பையாக இருந்தவரை அது ஊராரின் தலைவிதி. விலை உண்டு என்று தெரிந்த மறுநாளே அது கம்பெனியின் சொத்து! இந்த விசித்திர நியாயத்தைத்தான் இன்று நாம் தராசில் வைத்து நிறுக்க விரும்புகிறோம்.

பொதட்டூர்பேட்டையில் தறியோசைக்கிடையே இந்த ஏட்டைப் பிரிக்கும் தோழர்கள், "சுரங்கக் கழிவுக்கும் நமக்கும் என்ன தொடர்பு?" என்று கேட்கக்கூடும். தொடர்பு உண்டு தோழர்களே! ஒரு ஆற்றின் தொடர்பு உண்டு.

கொசஸ்தலை ஆறு பள்ளிப்பட்டு வட்டாரத்தின் வழியாகத்தான் நம் நாட்டுக்குள் நுழைகிறது. ஆந்திரத்தில் கிருஷ்ணாபுரம் நீர்த்தேக்கம் திறக்கப்பட்டால் இங்கே நம் தரைப்பாலங்கள் மூழ்குகின்றன. பூண்டியில் 1944இல் எழுந்த நீர்த்தேக்கத்தை நிரப்பி, சென்னை மாநகரின் தாகத்தைத் தணித்துவிட்டு, அந்த ஆறு எண்ணூர் முகத்துவாரத்தில் கடலைத் தேடிப் போகிறது. அந்த ஆற்றுக்கு நாம் செய்த கைம்மாறு என்ன? தலைமாட்டில் அதன் மணலைச் சுரண்டினார்கள்; கால்மாட்டில் அதன்மீது சாம்பலைக் கொட்டினார்கள். மணல் இருந்த இடத்தில் பள்ளம். தண்ணீர் இருந்த இடத்தில் மேடு! வட சென்னை அனல் மின் நிலையத்தின் சாம்பல் குழம்பு, உடைந்த குழாய்களின் வழியே ஆற்றிலும் கழிமுகத்திலும் பாய்ந்து, மீனும் இறாலும் துள்ளிய இடத்தைச் சேறாக்கியது. செப்பாக்கத்துக் குடும்பங்கள் சாம்பல் ஏரியின் ஓரத்தில் குடியிருந்து, காற்றடிக்கும் மாதங்களில் சோற்றோடு சாம்பலையும் சேர்த்து விழுங்கின.

சாம்பலைச் சுரங்கக் கழிவு என்று சொல்லலாமா என்று சட்டப்புலவர் எவரேனும் குறுக்கிடுவார். தாராளமாகச் சொல்லலாம். இந்திய நிலக்கரியை எரித்தால் நூற்றுக்கு 30 முதல் 45 பங்குவரை சாம்பலாக மிஞ்சுகிறது. ஒடிசாவின் சுரங்கத்தில் கரியோடு கலந்து கிடந்த மண்தான் அது; ரயிலேறி, கப்பலேறி, கொதிகலனுக்குள் புகுந்து, கடைசியில் எண்ணூரில் வந்து இறங்குகிறது. சுரங்கம் அங்கே, அதன் குப்பை மேடு இங்கே. அவ்வளவுதான் வேறுபாடு.

ஆற்றில் பள்ளம் தோண்ட வைத்தது எது? கட்டடத்துக்கு மணல் வேண்டும் என்ற தேவை. அந்தத் தேவையை அந்த மேட்டைக் கொண்டே பெருமளவு தீர்க்க முடியும் என்றால், மேடும் கரையும், ஆறும் பிழைக்கும். இதைவிட இனிய செய்தி வேறு உண்டா? உண்டாக வேண்டும் என்றுதான் நாமும் விரும்புகிறோம். ஆனால் இனிப்பை யார் தின்பது, கசப்பை யார் குடிப்பது என்ற கேள்வியைக் கேட்காமல் கைதட்டுவதற்கு நாம் தயாராக இல்லை.

முதலில் வித்தையைப் பார்ப்போம். பிறகு விலையைப் பார்ப்போம்.

கொத்தனார் தோழர்களுக்கு நாம் பாடம் சொல்ல வேண்டியதில்லை. கான்கிரீட் என்பது சிமெண்ட், மணல், ஜல்லி, தண்ணீர் என்ற நால்வரின் கூட்டணி. சிமெண்ட் தண்ணீரோடு கூடி இறுகும்போது கொஞ்சம் சுண்ணாம்பு வேலையின்றி மிஞ்சி நிற்கிறது. மாவு போன்ற நுண்ணிய சாம்பல் அந்தச் சுண்ணாம்போடு கைகோத்து மறுபடியும் பசையாகி இறுகுகிறது. ஆகவேதான் சாம்பல் சேர்ந்த கான்கிரீட் முதல் சில நாள் மெதுவாக வலுப்பெற்றாலும், நாள் செல்லச் செல்ல உறுதி கூடுகிறது. பேருக்கு நாலு குடம் தெளித்துவிட்டுப் போகாமல், பொறுமையாகத் தண்ணீர் விட்டு ஆற்றினால் போதும்.

ஆந்திரத்தின் விசாகப்பட்டினத்தில் பானுமதிதாஸ், காளிதாஸ் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் சாம்பலையும் சுண்ணாம்பையும் ஜிப்சத்தையும் கலந்து, நெருப்பே இல்லாமல் செங்கல் செய்யும் முறையைக் கண்டு கொடுத்தார்கள். சூளை வேண்டாம், விறகு வேண்டாம், வயல் மண்ணை வெட்ட வேண்டாம்; அச்சில் வார்த்து, தண்ணீர் விட்டு ஆற்றினால் கல் ஆயிற்று. இரும்பாலையின் கிட்டம், ஊதுலையிலிருந்து வழியும்போதே தண்ணீரில் பாய்ச்சிக் குறுணையாக்கி அரைக்கப்பட்டால், சிமெண்டில் நூற்றுக்கு 25 முதல் 70 பங்குவரை இடம்பிடிக்கிறது. கல்குவாரியில் ஜல்லி உடைக்கும்போது மலையாகக் குவியும் கிரஷர் தூள், முறையாக உடைத்துக் கழுவிச் சலிக்கப்பட்டால் ஆற்று மணலின் வேலையைச் செய்கிறது. தமிழ்நாடு அரசு 2023இல் எம்-சாண்டுக்கெனத் தனிக் கொள்கையே வகுத்தது.

இங்கே ஒரு வேடிக்கையைத் தோழர்கள் கவனிக்க வேண்டும். கடையில் வாங்கும் சிமெண்ட் மூட்டையைப் புரட்டிப் பாருங்கள். பி.பி.சி. என்று அச்சிட்டிருந்தால், சாம்பல் சிமெண்டுக்கான இந்தியத் தர விதிப்படி அதில் நூற்றுக்கு 15 முதல் 35 பங்கு சாம்பல் சேர்ந்திருக்கலாம். எண்ணூரில் கிடந்தால் குப்பை. மூட்டைக்குள் புகுந்தால் சிமெண்ட் விலை! செப்பாக்கத்தான் மூச்சில் ஏறியபோது இலவசம். சீமான் மூட்டையில் ஏறியபோது ரொக்கம்! கழிவுக்குக் காசில்லை என்று யாராவது சொன்னால், அந்த மூட்டையை அவர் முன்னே தூக்கி வையுங்கள்.

"எதற்கு இந்த வம்பு? மேடு கிடந்தால் கிடந்துவிட்டுப் போகட்டுமே!" என்பாரும் உளர். அவர்களுக்கு உலகம் சொல்லும் பாடத்தை எடுத்துரைப்போம்.

1966 அக்டோபர் 21. வேல்ஸ் நாட்டில் அபர்பான் என்ற நிலக்கரிச் சிற்றூர். ஊருக்கு மேலே மலைச்சரிவில் சுரங்கக் கழிவை மேடு மேடாகக் கொட்டி வைத்திருந்தார்கள். மழை நீர் ஊறிய ஒரு மேடு காலையில் சரிந்து, கீழே இருந்த பள்ளிக்கூடத்தின்மீது விழுந்தது. 116 குழந்தைகளும் 28 பெரியவர்களும் மாண்டார்கள். சுரங்கத்துக்குள் இறங்கிய தகப்பன் உயிரோடு இருந்தான். பள்ளிக்கூடம் போன பிள்ளை மண்ணுக்குள் போனது!

2019 ஜனவரி 25. பிரேசில் நாட்டில் புருமாதீன்யோ. இரும்புத் தாது கழுவிய கழிவுச் சேற்றைத் தேக்கி வைத்த அணை உடைந்தது. 270 உயிர்கள் போயின. நண்பகலில், கம்பெனியின் சாப்பாட்டுக் கூடத்தில் தட்டோடு உட்கார்ந்திருந்த தொழிலாளரையும் சேறு விழுங்கியது. அதே நாட்டில் அதே சுரங்கக் கம்பெனி இன்று தாதுக் கழிவைச் சலித்துக் கட்டுமான மணலாக விற்கிறது. கழிவிலிருந்து கான்கிரீட் கல் வார்க்கும் ஆலையும் நடத்துகிறது. 270 பிணங்களுக்கு முன்பே முழு மூச்சாக இந்த ஞானம் உதித்திருக்கக் கூடாதா என்று கேட்க நமக்கு உரிமை உண்டல்லவா? மேடு சும்மா கிடப்பதில்லை தோழர்களே. அது காத்துக் கிடக்கிறது.

தொலைநாட்டுக் கதை போதும். நம் இரத்தம் சிந்திய மேடு ஒன்று அருகிலேயே இருக்கிறது. அதன் பெயர் கோலார் தங்கவயல்.

1880இல் ஜான் டெய்லர் கம்பெனி என்ற வெள்ளைக்காரக் கம்பெனி அங்கே கால் வைத்தது. பாறையைப் பிளக்க ஆள் வேண்டுமே? வட ஆற்காடு மண்ணின் சிற்றூர்களிலிருந்து, பின்னர் சித்தூர் மாவட்டம் என்று பிரிக்கப்பட்ட பகுதியிலிருந்தும், ஏழைத் தமிழன் குடும்பத்தோடு கிளம்பினான். அவர்களில் பெரும்பாலோர் சாதியின் பேரால் சேரிக்குத் தள்ளப்பட்டவர்கள். 1960 ஏப்ரல் 1 அன்று எல்லைப் போராட்டத்தின் பயனாகத் தமிழகத்தோடு இணைந்த திருத்தணி, பள்ளிப்பட்டுப் பகுதிகளும் அதுவரை அந்தச் சித்தூர் மாவட்டத்தைச் சேர்ந்தவையே. பூமிக்குக் கீழே மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழம் இறங்கினான் அந்தத் தமிழன். மேலே வந்த பொன் கப்பலேறியது. சிவசமுத்திரத்து மின்சாரம் 1902இலேயே சுரங்கத்துக்கு வந்தது. லைன் வீட்டுக்காரன் குடிசைக்கோ வெகுகாலம் சிம்னி விளக்கு!

1956இல் சுரங்கம் அரசுடைமையாயிற்று. பிறகு டில்லியின் கைக்குப் போயிற்று. 2001 பிப்ரவரி 28 அன்று இழுத்து மூடப்பட்டது. பொன் போனது, வேலை போனது, மேடு மட்டும் போகவில்லை. பாறையை மாவாக அரைத்து, சயனைடு கரைசலில் பொன்னைப் பிரித்த பின் மிஞ்சிய தூள், ஏறக்குறைய மூன்று கோடியே முப்பது லட்சம் டன், ஊரைச் சுற்றிச் சாம்பல் நிறக் குன்றுகளாக நிற்கிறது. சயனைடு மேடு என்றே ஊரார் அழைக்கிறார்கள். காற்றடித்தால் அது எழுந்து வந்து படுக்கையில் படுக்கிறது. பாட்டன் உடைத்த பாறை பேரன் நுரையீரலில் வந்து குடியேறுகிறது. அந்தப் பேரனோ விடியுமுன் ரயிலேறிப் பெங்களூருக்குக் கூலி வேலைக்குப் போகிறான்.

அந்த மேட்டுத் தூளைக் கொண்டு செங்கல் வார்க்க முடியுமா என்று ஆராய்ச்சியாளர்கள் முயன்றார்கள். கரிசல் மண்ணும் செம்மண்ணும் கலந்து சுட்டுப் பார்த்தார்கள். சிமெண்ட் கலந்து சுடாமல் வார்த்தும் பார்த்தார்கள். முடியும் என்று 2007இல் வெளியான ஆய்வு கூறியது. சிமெண்ட் கல் உறுதியாக நின்றது. விலைதான் சற்று உயர்ந்தது. அதன் பின் ஆண்டுகள் பல உருண்டன. லைன் வீடுகளின் சுவர் மாறியதா? இல்லை. மாறாக, 2024 ஜூனில், அங்குள்ள 13 மேடுகளை ஏலம்விட ஒன்றிய அரசு முன்வைத்த யோசனைக்குக் கருநாடக அமைச்சரவை இசைவு தந்தது. தூளுக்குள் இன்னும் பொன் மிச்சம் இருக்கிறதாம்! பொன்னை எடுப்பவர் எடுக்கட்டும். எடுத்த பின் மிஞ்சும் தூள் மறுபடி எவர் தலைமாட்டில்? அது கல்லானால் அந்தக் கல் எவர் வீட்டில்? அதைக் கேட்க அந்த ஊர்த் தொழிலாளிக்கு உரிமை இல்லையா?

இனி நெய்வேலி. ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் கிணறு தோண்டியபோது கருநிறத்தில் கசிந்தது 1930களில். 1956இல் நிறுவனம் பிறந்தது. 1957 மே 20 அன்று நேரு பெருமகனார் தோண்டும் பணியைத் தொடங்கி வைத்தார். ஒரு டன் பழுப்பு நிலக்கரி எடுக்க ஏறக்குறைய 5 முதல் 6 கன மீட்டர் மேல்மண்ணை அகற்ற வேண்டும். அந்த மேல்மண் எது? உழவன் உழுத மண்! 2023 ஜூலையில் வளையமாதேவியில் கதிர் நின்ற நெல் வயலுக்குள் இயந்திரங்கள் இறங்கிய காட்சியைக் கண்டு கண் கலங்காதவர் யார்? அந்த நிறுவனம் இப்போது மேல்மண்ணிலிருந்து கட்டுமான மணல் பிரித்தெடுக்கும் வேலையில் இறங்கியிருக்கிறது. நல்லது, வரவேற்கிறோம். வடக்கே நாக்பூர்ப் பக்கம் ஒன்றிய அரசின் நிலக்கரி நிறுவனம் இப்படிப் பிரித்த மணலை ஏழைகளுக்கான வீடு கட்டும் நகர் மேம்பாட்டு அமைப்புக்கு வழங்கியிருக்கிறது. நாக்பூரில் நடந்தது நெய்வேலியில் நடக்கக் கூடாதா? நிலம் கொடுத்தவன் வீட்டுத் தளத்துக்கு அவன் நிலத்து மணலே முதலில் போகட்டும் என்று கேட்டால் அது பேராசையா?

"மண்ணுக்குக் கீழே இருப்பது தேசத்தின் சொத்து" என்று டில்லி நமக்கு நெடுநாள் பாடம் நடத்தியது. தேசம் என்றால் எடுக்கும் கை மட்டுந்தானா? இழந்த ஊரும் தேசத்தில் சேர்த்தி இல்லையா? கனிமத்தின் உரிமைத்தொகைமீது தமிழ்நாடு விதித்த வரி செல்லாது என்று 1989இல் இந்தியா சிமெண்ட்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உரிமைத்தொகையே ஒரு வரிதான் என்றது. முப்பத்தைந்து ஆண்டு கழித்து, 2024 ஜூலை 25 அன்று, ஒன்பது நீதிபதிகளின் அமர்வு, எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில், உரிமைத்தொகை வரியல்ல, கனிம உரிமைமீது வரி விதிக்கும் அதிகாரம் மாநிலங்களுக்கு உண்டு என்று தெளிவுபடுத்தியது. மாநில உரிமை என்று நாம் முழங்கியபோது எள்ளி நகையாடியவர்கள் அந்தத் தீர்ப்பை ஒருமுறை வாய்விட்டுப் படிக்கட்டும்! தமிழ்நாடு சட்டமன்றமும் 2024இல் கனிமவளம் உள்ள நிலத்துக்கான வரிச் சட்டம் இயற்றி, 2025 ஏப்ரலில் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. 2015இல் வந்த திருத்தத்தின்படி மாவட்டந்தோறும் கனிம அறக்கட்டளை நிதி என்றொன்றும் உண்டு. சுரங்கத்தால் பாதிக்கப்பட்ட ஊருக்கே செலவிட வேண்டிய பணம் அது.

ஆகவே அதிகாரம் இருக்கிறது, நிதிக்கு வழி இருக்கிறது, வித்தை இருக்கிறது. இனி வேண்டியது ஒன்றுதான். யாருக்காக என்ற தெளிவு.

இப்போது தூசிக்கு வருவோம். இதுதான் நம் நெஞ்சை அறுக்கும் பகுதி.

கல்லை உடைத்தாலும், தூளைச் சலித்தாலும், சாம்பலைக் கொட்டினாலும் கண்ணுக்குத் தெரியாத மணிகள் காற்றில் மிதக்கின்றன. கல் தூளில் உள்ள சிலிக்கா நுரையீரலுக்குள் புகுந்தால் திரும்பி வருவதில்லை. அங்கேயே தழும்பாகிறது, தழும்பு பரவுகிறது, மூச்சு சுருங்குகிறது. சிலிகோசிஸ் என்று அதற்குப் பெயர். மருந்தால் அந்தத் தழும்பை ஆற்ற முடியாது. வராமல் தடுக்க மட்டுமே முடியும். காச நோய் என்று தவறாக எண்ணி மாத்திரை விழுங்கிக் கொண்டே மடிந்தவர்கள் எத்தனையோ பேர். 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டமே, கண்டறிந்தால் அரசுக்கு அறிவித்தாக வேண்டிய நோய்களின் பட்டியலில் இதைச் சேர்த்திருந்தது.

அந்தச் சட்டத்தை என்ன செய்தார்கள்? பழைய தொழிலாளர் சட்டங்களைச் சுருட்டி நான்கு தொகுப்புகளாக்கி 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்குக் கொண்டுவந்தது ஒன்றிய அரசு. முன்பு மின்விசையால் ஓடும் கூடத்தில் 10 பேர் இருந்தாலே தொழிற்சாலை. இப்போது 20 பேர் இருந்தால்தான் தொழிற்சாலை! ஹாலோ பிளாக் வார்க்கும் பட்டறையில் எத்தனை பேர் வேலை செய்கிறார்கள்? எட்டுப் பேர், பன்னிரண்டு பேர், மிஞ்சினால் பதினைந்து பேர். சட்டம் வகுத்தவர்கள் இந்தப் பட்டறைகளை எண்ணிப் பார்த்துத்தான் இருபது என்று எழுதினார்களோ என்று ஐயுறத் தோன்றுகிறது. அபாயத் தொழில் என்று அறிவித்துவிட்டால் ஆள் கணக்குப் பாராமல் சட்டம் செல்லும் என்ற வழியும் அதே தொகுப்பில் இருக்கிறது. அறிவிக்கும் பேனாவோ டில்லியில் இருக்கிறது! அந்தப் பேனாவைத் திறக்க வைக்கும் குரல் இங்கிருந்து எழ வேண்டும்.

கழிவிலிருந்து கல் செய்யும் தொழில் பெருகப் பெருகச் செங்கல் சூளைகள் குறையும். சூளைக்காக நாம் கண்ணீர் விடப் போவதில்லை. ஒடிசாவிலிருந்து முன்பணத்துக்குக் கட்டுண்டு வந்த குடும்பங்கள் கொத்தடிமைகளாக இருந்து மீட்கப்பட்ட செய்தி நம் திருவள்ளூர் மாவட்டத்துக்குப் புதிதல்ல. ஆனால் சூளையின் நெருப்பிலிருந்து தப்பியவன் பட்டறையின் தூசியில் சாக வேண்டுமா? வாணலியிலிருந்து அடுப்பில் விழுவதற்குப் பெயர் முன்னேற்றமா?

"தண்ணீர் தெளிப்பான், மூடிய பெல்ட், முகமூடி, ஆண்டுக்கொரு எக்ஸ்ரே என்றெல்லாம் கேட்டால் கல்லின் விலை ஏறிவிடுமே, ஏழை எப்படி வீடு கட்டுவான்?" என்று ஆலை அதிபர்கள் திடீரென்று ஏழைக்காக உருகுவார்கள். நாம் கேட்கிறோம்: மூலப்பொருள் உங்களுக்குக் கிடைப்பது கழிவின் விலையில். கல் விற்பது சந்தை விலையில். நடுவில் இருக்கும் பணத்தில் ஒரு தொழிலாளியின் மூச்சுக்கு இடமில்லையா? தூசியைத் தடுக்கும் செலவை முதலாளி கொடுக்காவிட்டால் அந்தச் செலவு மறைந்துவிடாது. தொழிலாளியின் மனைவி தாலியை அடகு வைத்து மருத்துவமனையில் கொடுப்பாள். இராஜஸ்தான் அரசு 2019இல் இந்த நுரையீரல் நோய்க்கெனத் தனிக் கொள்கை வகுத்து, நோயாளிக்கும் அவன் இறந்தால் குடும்பத்துக்கும் உதவித்தொகை தர முன்வந்தது. கல் தொழில் செழித்த அந்த மாநிலம் செய்ததை, சமூகநீதிக்கு வழிகாட்டிய நம் மாநிலம் செய்ய இயலாதா?

தரத்தைப் பற்றியும் ஒளிவுமறைவின்றிச் சொல்லிவிடுவோம். எல்லா மேடும் ஒரே மேடல்ல. கோலார் மேட்டில் சயனைடின் எச்சமும் ஆர்செனிக்கும் இருக்கக்கூடும். கும்மிடிப்பூண்டி உருக்காலைகளின் கிட்டத்தில் வேகாத சுண்ணாம்பு தங்கியிருந்தால், வெயிலிலும் மழையிலும் போட்டு ஆறவிடாமல் அவசரமாகக் கலந்த கல் பின்னால் ஊதி வெடிக்கும். நெய்வேலிச் சாம்பலில் சுண்ணாம்பு மிகுதி. எண்ணூர்ச் சாம்பலில் குறைவு. இரண்டுக்கும் ஒரே கலவைக் கணக்கு ஒத்து வராது. கழுவாத கிரஷர் தூளையே எம்-சாண்ட் என்று லாரியில் ஏற்றி விற்கும் மோசடியைக் கொத்தனார்கள் நன்கு அறிவார்கள். கையில் எடுத்து உதறினால் மாவு போல ஒட்டிக் கொள்ளும். 2016இல் திருத்தப்பட்ட இந்தியத் தர விதி 383, எந்தக் கிட்டத்தை எந்தக் கான்கிரீட்டில் எவ்வளவு சேர்க்கலாம் என்று வரம்பு கட்டியிருக்கிறது. பகுத்தறிவு இயக்கத்தில் வளர்ந்த நமக்கு, எதையும் சோதித்துப் பாராமல் நம்பும் பழக்கம் கிடையாது. சாமியாரையே கேள்வி கேட்டவர்கள், சாம்பல் கல்லைக் கேள்வி கேட்கக் கூடாதா?

எனவே நம் கோரிக்கைகளை வரிசைப்படுத்துகிறோம்.

முதலாவது, சோதனை. எந்த மேட்டிலிருந்து எடுத்தாலும் அதன் நஞ்சும் தரமும் அரசுக் கூடத்தில் சோதிக்கப்பட வேண்டும். முடிவு கோப்புக்குள் உறங்காமல், தமிழில் எழுதப்பட்டு, அந்த ஊராட்சியின் அறிவிப்புப் பலகையில் தொங்க வேண்டும்.

இரண்டாவது, மூச்சு. பத்துப் பேர் இருந்தாலும் ஐந்து பேர் இருந்தாலும், கல் தூளும் சாம்பலும் புழங்கும் இடம் அபாயத் தொழிற்கூடமே. தூசு அடக்கும் ஏற்பாடு இல்லாத பட்டறைக்கு மின் இணைப்பு இல்லை என்று சொல்லும் துணிவு வேண்டும். நோயுற்றவனுக்கு உதவித்தொகை வேண்டும்; அதற்கான பணம் கனிம அறக்கட்டளை நிதியிலிருந்து வரட்டும்.

மூன்றாவது, பங்கு. அனல் மின் நிலையங்கள் தம் சாம்பல் முழுவதையும் பயனுக்குக் கொண்டுவர வேண்டும், தவறினால் டன்னுக்கு 1000 ரூபாய் இழப்பீடு கட்ட வேண்டும் என்று 2021 டிசம்பர் 31 அறிவிக்கை சொல்கிறது. உலர் சாம்பலில் குறைந்தது 20 விழுக்காட்டைக் கல் வார்க்கும் பட்டறைகளுக்கு இலவசமாகத் தர வேண்டும் என்று 2009இல் ஒரு விதி இருந்தது. அந்த ஒதுக்கீட்டைக் கூட்டுறவுச் சங்கங்களுக்கென்று புதுப்பித்துக் கேட்கிறோம். நெசவாளர் கூட்டுறவின் அருமையைப் பொதட்டூர்பேட்டைக்கு யார் எடுத்துச் சொல்ல வேண்டும்? தனியொருவனாக நின்றபோது நூல் வியாபாரியிடம் கைகட்டியவன், சங்கமாக நின்றபோது நிமிர்ந்தான். 1935இல் கோ-ஆப்டெக்ஸ் பிறந்தது தறிக்கு. கல்லுக்கும் அப்படியொரு கூட்டுறவு பிறக்கட்டும். தறி நின்று போன வீட்டுப் பிள்ளைக்கும், சூளையை விட்டு வந்த குடும்பத்துக்கும் அங்கே வேலை கிடைக்கட்டும்.

நான்காவது, வீடு. 1970இல் கலைஞர் ஆட்சியில் குடிசை மாற்று வாரியம் அமைந்தபோது, ஓலைக்குக் கீழே ஒண்டியவனும் கான்கிரீட் கூரையின் கீழ் படுக்கலாம் என்று இந்தியாவுக்கே காட்டியது தமிழகம். 2030க்குள் 8 லட்சம் கான்கிரீட் வீடுகள் என்ற குறிக்கோளோடு 2024இல் தொடங்கியது கலைஞரின் கனவு இல்லத் திட்டம்; ஒரு வீட்டுக்கு 360 சதுர அடி, மூன்றரை லட்சம் ரூபாய். இத்தனை வீட்டுக்கு எத்தனை கல், எத்தனை லாரி மணல் என்று கணக்குப் பாருங்கள்! ஏழைக்குக் கட்டும் வீட்டுக்காக இன்னொரு ஏழையின் ஆறு பள்ளமாக வேண்டுமா? சோதித்துத் தேர்ந்த கழிவுக் கல்லும் கழிவு மணலும் இத்தகைய அரசு வீடுகளுக்கு முதலில் போக வேண்டும். அவற்றிலும் முதல் வீடு, மேட்டின் அடிவாரத்தில் தூசு தின்றவனுக்கு.

கழிவு என்பது ஒரு பொருளின் பிறவிக் குணமன்று. பயன் காணத் தெரியாதவன் சூட்டிய பெயர் அது. பொருளுக்கு மட்டுமா அப்படிப் பெயர் சூட்டினார்கள்? கல் உடைப்பவனையும் சேறு மிதிப்பவனையும் சுரங்கத்துக்குள் இறங்கியவனையும் கூடக் கீழானவன் என்று ஒதுக்கி வைத்த சமுதாயம் இது. ஒதுக்கப்பட்டவனை நிமிர்த்தி உட்கார வைத்ததுதான் நம் இயக்கத்தின் வரலாறு. ஒதுக்கப்பட்ட தூள் இன்று மாளிகையின் தூணாகும்போது, அதைச் சுமந்தவன் மட்டும் இன்னும் ஒதுங்கியே நிற்பான் என்றால், அந்தத் தூண் நம்மைப் பார்த்துச் சிரிக்காதா?

தோழர்களே! மேடைப் பேச்சோடு இது முடிந்துவிடக் கூடாது. உங்கள் வட்டாரத்தில் எத்தனை கிரஷர், எத்தனை ஹாலோ பிளாக் பட்டறை, எத்தனை பேர் வேலை என்று கணக்கெடுங்கள். முகமூடி உண்டா, தண்ணீர்த் தெளிப்பு உண்டா, கடைசியாக எப்போது எக்ஸ்ரே எடுத்தார்கள் என்று கேளுங்கள். சுற்றுப்புறச் சிற்றூர்களின் கிராம சபையில் எழுந்து நின்று, எங்கள் மாவட்டக் கனிம நிதி எங்கே செலவாயிற்று என்று கேளுங்கள். வீடு கட்டும் கொத்தனார் தோழர்கள், சோதனைச் சீட்டு இல்லாத எம்-சாண்டைக் கீழே இறக்க விடாதீர்கள். கேள்வி பிறந்த இடத்தில் கணக்கும் பிறக்கும்.

மலை நமது, அது உடைந்தபோது வியர்வை நமது, உடைத்த தூளைச் சுவாசித்த நெஞ்சும் நமது. அந்தத் தூள் கல்லாகும் நாளில் அதன் பயனும் நமதாக வேண்டும். தூசு நமக்கு, காசு அவர்களுக்கு என்ற பழைய கணக்கைக் கிழித்தெறிவோம். புதிய கணக்கின் முதல் வரியில் தொழிலாளியின் மூச்சை எழுதுவோம். இரண்டாவது வரியில் அவன் வீட்டை எழுதுவோம். மிச்சம் இருந்தால் முதலாளியின் லாபத்தை எழுதிக் கொள்ளட்டும்!